திண்ணையில் இருப்பவரைத் தெருவில் நின்று படம் எடுத்தால் தடுக்க முடியுமா?

மேலவீதி:

எங்கள் ஊர் கானாடுகாத்தானை ஒட்டியது. மார்கழி தொடங்கினால் வேன் வேனாக ஆள் இறங்குகிறது. வீட்டை, தூணை, நிலைக்கதவை எடுப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி, வாசலில் கோலம் போடுகிறவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, இவர்களைக் கேட்காமல் எடுத்து ரீல்ஸ் போடுவதுதான் தகராறாகிறது. வீதி முனையில் "இங்கே படம் எடுக்கத் தடை" என்று பலகை வைக்கலாமா என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு ஓடுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பலகை செல்லுமா? எடுத்தவர் போனை வாங்கிப் படத்தை அழிக்கலாமா? ஒருத்தர் முகத்தைக் கடை விளம்பரத்தில் போட்டுவிட்டால் என்ன வழி? தலைக்கு மேலே ட்ரோன் விட்டால்? புது டேட்டா சட்டத்தில் "கேட்காமல் படம் எடுத்தால் 250 கோடி அபராதம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது நிஜமா?

கோர்ட்வாசல்:

தம்பி, பலகையில் இருந்தே தொடங்குகிறேன். வீதி உங்களுடையதல்ல, பேரூராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பில் இருப்பது. பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. ஊர்க் கூட்டம் தீர்மானம் போட்டு அப்படி ஒரு தடையை உண்டாக்கவும் முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் வாசகத்தோடு பலகை வைத்தால், அதை மீறியவர் மேல் எந்தப் பிரிவும் பாயாது. வாசகத்தை மாற்றினால் பலகைக்கு வேலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எடுப்பது ஒன்று, போடுவது ஒன்று, அதை வைத்துக் காசு பார்ப்பது ஒன்று. மூன்றுக்கும் சட்டம் வேறு. நம் பக்கம் சண்டை முழுவதும் முதலாவதில்தான் நடக்கிறது, அங்கேதான் சட்டம் மெலிந்திருக்கிறது. மூன்றாவதில் பிடி நன்றாக இருக்கிறது, அதற்கு நோட்டீஸ் அனுப்ப யாரும் மெனக்கெடுவதில்லை.

எடுப்பது எப்போது குற்றம்? 1.7.2024 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 77-வது பிரிவு (பழைய இ.பி.கோ. 354சி): ஒரு பெண் அந்தரங்கமான செயலில் இருக்கும்போது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இயல்பாக நம்பக்கூடிய சூழ்நிலையில், அவரைப் பார்ப்பதோ படம் எடுப்பதோ பரப்புவதோ குற்றம். மத்தியச் சட்டத்தில் உள்ளபடி முதல் முறை 1 முதல் 3 ஆண்டு, மறுமுறை 3 முதல் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை எல்லாம் இதற்குள் வரும். கோலம் போடுவது வராது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கொல்கத்தா வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: அந்தரங்கச் செயல் இல்லாத நிலையில் சம்மதமில்லாமல் படம், வீடியோ எடுத்ததை மட்டும் வைத்து இந்தப் பிரிவு நிற்காது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ ஆண், பெண் இருவருக்கும் பொது. ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதியைச் சம்மதமின்றிப் படம் எடுத்தாலோ வெளியிட்டாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குனிந்து கோலம் போடுகிறவரை வேண்டுமென்றே அந்தக் கோணத்தில் நெருக்கி எடுத்தால் பேச்சே மாறிவிடும். 66இ பொருந்துமா என்பது படத்தில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் பி.என்.எஸ். 79 இருக்கிறது: பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவருடைய தனிமையில் குறுக்கிடுவது, 3 ஆண்டு வரை சாதாரணச் சிறை. அங்கே நோக்கத்தைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு படம் போதாது. எத்தனை படம், எந்தக் கோணம், எழுந்து போன பிறகும் பின்தொடர்ந்தாரா, வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுத்தாரா, இவைதான் நோக்கத்தைக் காட்டும். புகாரில் இந்த நான்கையும் எழுதாமல் "கேட்காமல் போட்டோ எடுத்தார்" என்று ஒரே வரியில் முடிப்பதால்தான் பாதிப் புகார்கள் மனு ரசீதோடு நின்றுவிடுகின்றன.

திண்ணைக்கு வருகிறேன். திண்ணை உங்கள் பட்டாவில் இருக்கிறது. வீதியில் நின்று திண்ணையை எடுப்பது வேறு. படியேறித் திண்ணையில் நின்று, திறந்திருக்கும் நிலைக்கதவு வழியாக நடையைத் தாண்டி வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) வரைக்கும் ஜூம் பண்ணுவது வேறு. ஏறியவரை இறங்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு முழுசாக உண்டு. சொன்ன பிறகும் எரிச்சலூட்டவென்றே நின்றால் பி.என்.எஸ். 329-வது பிரிவில் அத்துமீறல்: சாதாரண அத்துமீறலுக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், வீட்டுக்குள் என்றால் 1 ஆண்டு வரை. "இறங்குங்கள்" என்று சொன்னதற்கு ஒரு சாட்சி இருப்பது முக்கியம்.

போனைப் பிடுங்காதீர்கள். அவரை மறித்து நிறுத்தினாலே 126(2), ஒரு மாதம் வரை சிறை, உங்கள் மேல். கை நீட்டினால், போன் உடைந்தால், இன்னும் பிரிவுகள் சேரும். அதைவிடப் பெரிய தப்பு, அழிக்க வைப்பது. நிஜமாகவே 77 பொருந்தும் படமாக இருந்தால், இருக்கிற ஒரே சாட்சியத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள். அழிந்ததா என்றால் அதுவும் இல்லை, ஐபோனில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், கூகுள் போட்டோஸில் ஏற்றியது 60 நாள். மோசமான படம் என்று சந்தேகம் இருந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-க்கு அழையுங்கள். போனைக் கைப்பற்றுவது போலீஸ் வேலை.

போடுவது. 24.8.2017 புட்டசாமி தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அரசியலமைப்பின் 21-வது கூறில் அடங்கிய அடிப்படை உரிமை என்றது. பொது இடத்தில் இருக்கிறார் என்பதற்காகவே அந்த உரிமை ஒருவரை விட்டுப் போய்விடாது என்பதும் அதில் இருக்கிறது. அதற்கு முன்பே 1994-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உண்டு, நக்கீரன் ராஜகோபால் வழக்கு, ஆட்டோ சங்கர் தன்வரலாறு பற்றியது. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமின்றி வெளியிட்டால், உண்மையோ பொய்யோ, புகழ்ந்தோ இகழ்ந்தோ, நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக வேண்டும். பொது ஆவணத்தில் உள்ளதற்கு விலக்கு. ஆக, திண்ணையில் ஆச்சி இருக்கும் படம் பெரும்பாலும் பிரச்சினையில்லை. அதன் மேல் எழுதுகிறார்களே, அதுதான் விஷயம். "பிள்ளைகள் வெளிநாட்டில், கவனிக்க ஆளில்லாமல் தனியாக வாடும் பாட்டி" என்று சோக இசையோடு ஓடவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு அவதூறு, ஆச்சிக்குக் குடும்ப விஷயத்தில் தலையீடு. அவதூறு பிரிவு 356, 2 ஆண்டு வரை. போலீஸ் நேரடியாக எடுக்கும் குற்றம் அல்ல, நடுவர் மன்றத்தில் தனிநபர் புகார் போட வேண்டும். ஸ்டேஷனில் அலைந்து நாளைக் கழிக்காதீர்கள்.

காசு பார்ப்பது. ஆத்தங்குடியில் ஒருவர் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்துச் சாயக் கலவை ஊற்றுகிறார். அதைப் பயணக் குறிப்பில் போடுவது ஒன்று. அதே படத்தை வேறு ஊர் டைல்ஸ் கடை தன் பேனரில் போட்டு, அவர் தன் கடைக்கு வேலை செய்வதுபோலக் காட்டுவது முற்றிலும் வேறு. இதற்கு வக்கீல் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளையும் (தடையுத்தரவு) நஷ்டஈடும் கேட்டு வழக்கு. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரஜினிகாந்த் வழக்கில் பிரபலங்களுக்குத் தங்கள் பெயர், உருவம் மேல் உள்ள உரிமையை ஏற்றது. சாதாரண ஆளுக்கு அந்த அளவுக்குச் சந்தை மதிப்பு காட்ட முடியாது, ஆனாலும் தனியுரிமையை வைத்துக் கேட்கலாம். 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு மாடலின் இன்ஸ்டாகிராம் படத்தைக் கேட்காமல் பயன்படுத்திய தெலுங்குப் படத்தை, அந்தக் காட்சியை நீக்கும்வரை ஓடிடியிலிருந்தே இறக்கச் சொன்னது. இன்ஸ்டாவில் பொதுவாகப் போட்டிருந்தது என்பது காப்பாற்றவில்லை.

250 கோடி கதை: எண் நிஜம், பொருத்தம் பொய். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் அந்தத் தொகை, வைத்திருக்கும் தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனங்களுக்கான உச்சவரம்பு. ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு எடுப்பதைச் சட்டமே விலக்கியிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடப்புக்கு வரும். அப்போதும் அபராதம் அரசு கணக்குக்குப் போகும், உங்களுக்கு அல்ல. விருந்தினரின் படங்களைச் சேர்த்து வைத்து விளம்பரம் செய்யும் ஹோட்டல், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும்.

சதுரக்கட்டம்:

அண்ணே சொன்ன சட்டம் சரி. கேமரா பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்றேன்.

கேட்டுட்டு எடுத்தா இயல்பு போயிடும்னு எல்லாரும் சொல்ற சாக்கு ஒண்ணு இருக்கு. பாதி உண்மை. கேட்டதும் ஆச்சி முந்தானையைச் சரிபண்ணி, விறைச்சு உட்காருவாங்க. ஆனா அஞ்சு நிமிஷம் அங்கேயே நின்னா மறுபடி வெத்தலையை மடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அந்த அஞ்சு நிமிஷம் இல்லாதவங்கதான் எதிர்த்த வீதியிலேருந்து 200 எம்.எம். லென்ஸைத் தூக்குறாங்க.

விளம்பரம், புத்தக அட்டை, காலண்டர், ஸ்டாக் போட்டோ தளம், இதுல எதுக்குப் போனாலும் எழுத்துல அனுமதி வாங்கணும். தொழில்ல இதுக்கு மாடல் ரிலீஸ்னு பேர். ஒரு பக்கம் போதும். யார், எந்த ஊர், எந்தத் தேதி எடுத்தது, எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம், எதுக்குக் கூடாது, எத்தனை வருஷம், என்ன கொடுத்தோம். தமிழ்ல இருக்கணும். இங்கிலீஷ் ஃபார்ம்ல கைநாட்டு வாங்கிட்டுப் போனா, "என்னன்னு தெரியாம வச்சேன்"னு அவங்க சொல்ற ஒரு வார்த்தையில செல்லாம போகும். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டி, வாசிச்சுக் காட்டினோம்னு கடைசியில ஒரு வரி எழுதி, வீட்டு ஆள் ஒருத்தர், வெளியாள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து. 18 வயசுக்குக் கீழேன்னா அப்பா, அம்மா கையெழுத்து. டீச்சர் சரின்னா போதாது. படத்தோட சின்னப் பிரதி ஒண்ணை அதே தாள்ல ஒட்டிடுங்க, எந்தப் படத்துக்கு அனுமதின்னு பின்னாடி சண்டை வராது.

கல்யாண ஆல்பம் விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது, எங்க ஆளுங்களும் சொல்ல மாட்டாங்க. காப்புரிமைச் சட்டம் 1957, 17-வது பிரிவு: பொதுவா படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. ஆனா காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். சொந்த வீட்டுல நடந்த சாந்தியையோ (அறுபதாம் கல்யாணம்) கல்யாணத்தையோ ஸ்டுடியோக்காரர் கேட்காம தன் பேஜ்ல போட்டா, தனியுரிமைன்னு மல்லுக்கட்டாம காப்புரிமைன்னே புகார் போடுங்க, சீக்கிரம் இறங்கும். முதல்ல புக்கிங் பில்லோட பின்பக்கத்தைப் பாருங்க, "விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டுடியோவுக்கு உண்டு"ன்னு பொடி எழுத்துல இருக்கலாம். அந்த வரியை அட்வான்ஸ் கொடுக்கும்போதே அடிச்சுக் கையெழுத்துப் போடச் சொல்லணும்.

வீட்டைத் தெருவிலேருந்து எடுக்கிறதுக்குக் காப்புரிமைத் தடை எதுவும் கிடையாது, கட்டடத்தைப் படம் எடுக்க 52-வது பிரிவே விலக்கு கொடுக்குது. கோயில் தனிக் கணக்கு. 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள்ல மொபைலுக்குத் தடை விதிக்க அறநிலையத்துறைக்கு உத்தரவு போட்டிருக்கு, உள்ளே செல்போனையே வெளியே எடுக்கக் கூடாது.

இரண்டாங்கட்டு:

வீதியில நின்னு எடுக்கிறதைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. எங்களுக்குப் பெரிய தொந்தரவு மேலேருந்துதான். நம்ம வீடுங்களுக்கு நடுவுல வானம் தெரியற மாதிரி வளவும் முற்றமும் இருக்கு. மதிலும் கதவும் நாலு பக்கத்தை மறைக்கும், மேலே மறைக்கிறது எதுவும் இல்ல. காலைல தலைக்குக் குளிச்சிட்டு முடியை உணர்த்தறதும், வத்தல் காயப் போடறதும் அங்கதான். ட்ரோன் ஓட்டுக்கு இருபதடி மேலே வந்து நின்னா முகம் நல்லாத் தெரியும். அது "பொது இடத்துலேருந்து பார்த்தது"ன்னு சொல்ல முடியுமா?

இன்னொண்ணு. பங்காளி வீட்டுல ஒருத்தர் வளவுல சிசிடிவி மாட்டிட்டாரு, வீட்டுக்குப் பாதுகாப்புன்னு சொல்றாங்க. புள்ளி (குடும்பம்) வாரியா எல்லாருக்கும் பங்கு இருக்கிற வீடு. மத்தவங்க வேண்டாம்னா எடுக்கச் சொல்லலாமா?

சதுரக்கட்டத்துக்கு: கேட்டுட்டு எடுத்தா இயல்பு போகும்னா, எடுத்திட்டாவது வந்து காட்டுங்க. வேண்டாம்னா அழிச்சிடுங்க. அது கஷ்டமா?

சதுரக்கட்டம்:

கஷ்டம் இல்ல ஆச்சி, சரிதான்.

ட்ரோன்: 2021 ட்ரோன் விதிகள்படி பதிவு எண் வாங்காம பறக்கவிடக் கூடாது. 250 கிராம் வரைக்கும் நானோ வகை, அதுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம், அதனாலதான் 249 கிராம் ட்ரோனா வாங்கிட்டு வர்றாங்க. பச்சை மண்டலத்துல 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி தேவையில்ல. உங்க ஊர் எந்த மண்டலம்னு அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பாருங்க. ஆனா பச்சை மண்டலம்ங்கிறது வானத்துக்குத்தான் அனுமதி, முற்றத்துக்குள்ள எட்டிப் பார்க்க இல்ல. ஓட்டுறவர் பெரும்பாலும் கண்ணுக்கெட்டின தூரத்துல, ஊருணிக் கரையிலயோ வீதிக் கோடியிலயோதான் நிப்பார். கல்லு விட்டு அடிக்காதீங்க, கீழே விழுந்தா யார் தலைலயோ விழும், பொருள் சேதம்னு உங்க மேலதான் வழக்கு. ட்ரோனையும் ஆளையும் சேர்த்து ஒரே வீடியோவில எடுங்க. தனித்தனியா எடுத்தா "அது என்னோடது இல்ல"ன்னு போயிடுவார்.

கோர்ட்வாசல்:

ஆச்சி, நல்ல கேள்வி. வளவு வீட்டின் உள்பகுதி. யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற இயல்பான நம்பிக்கை அங்கே முழுசாக உண்டு, கூரை இல்லை என்பதால் அது குறையாது என்றுதான் வாதிட வேண்டும். குளிப்பதோ உடை மாற்றுவதோ பதிவானால் 77 நேராக வரும். முடி உணர்த்துவதும் வத்தல் போடுவதும் அந்தரங்கச் செயல் என்ற வரையறைக்குள் வராது, அங்கே 79-தான். அதனால்தான் "வேண்டாம் என்று கைகாட்டினோம், பிறகும் அங்கேயே நின்றது" என்பது புகாரில் இருக்க வேண்டும்.

சிசிடிவிக்கு அண்மையில் தீர்ப்பு இருக்கிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இடையிலான வழக்கில், மற்றவர் சம்மதமின்றி குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயங்குவது தனியுரிமை மீறல் என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. நம் கூட்டுப் பங்கு வீடுகளுக்கு அளந்து தைத்தது போன்ற தீர்ப்பு. முகப்பு, வாசல், பின்கட்டுக் கதவு ஆகியவற்றைப் பார்க்கும் கேமராவை யாரும் எதிர்க்கப் போவதில்லை. வளவைப் பார்ப்பதைத் திருப்பி வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். விசேஷத்துக்கு மட்டும் எல்லாரும் கூடும் வீடு என்றால், அந்த நாட்களில் உள் கேமராவை நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதிப் பங்குதாரர் எல்லாரும் கையெழுத்துப் போட்டாலே பாதி முடிந்துவிடும். கோர்ட் வரைக்கும் கொண்டுவராதீர்கள், நல்லது கெட்டதுக்குச் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள்.

வலைமேடை:

படம் ஏற்கெனவே நெட்ல போயிட்டா என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை, அதை நான் எழுதறேன்.

கோபத்துல முதல் வேலையா கமெண்ட்ல போய்த் திட்டாதீங்க. அவர் உங்களை பிளாக் பண்ணிடுவார், அப்புறம் பதிவே உங்களுக்குத் தெரியாது. சத்தமில்லாம சாட்சியத்தைச் சேருங்க. ஸ்டோரி, வாட்ஸப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல மறைஞ்சிடும், அதனால உடனே ஸ்கிரீன் ரெக்கார்டிங். ரெக்கார்டிங்ல அவரோட முகப்புப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு, யூசர் நேம் தெரிய, பதிவைத் திறந்து, தேதி தெரிய, வீடியோ முழுசா ஓடி, கமெண்ட் வரைக்கும் போகணும். பதிவோட லிங்கைத் தனியாக் காப்பி பண்ணி வைங்க. காட்டற பேரை நிமிஷத்துல மாத்திடலாம், அதை நம்பாதீங்க. ரெக்கார்டிங் கோப்பை வாட்ஸப்ல வீடியோவா அனுப்பினா சுருங்கி வேற கோப்பு ஆயிடும். எடுத்த போன்லயே மூலத்தை வச்சுக்குங்க, நகலை பென்டிரைவ்ல போடுங்க. கோர்ட்டுக்குப் போனா பாரதிய சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழ் வேணும், அதுல கோப்போட ஹாஷ் எண் (கோப்பிலேருந்து கணக்கிடற அடையாள எண்) கேட்பாங்க. எஸ்.எச்.ஏ. 256 எண்ணை எடுத்த அன்னைக்கே கணக்கிட்டு எழுதி வச்சா, நடுவுல திருத்தலைன்னு காட்டலாம்.

அப்புறம்தான் புகார். யூடியூப்ல "ரிப்போர்ட்" பட்டனை அழுத்தினா பொதுக் குவியல்ல போய்ச் சேரும். தனியுரிமைப் புகாருக்குன்னு தனிப் படிவம் இருக்கு, அதுல போடுங்க. எந்த நிமிஷம், எந்த வினாடில உங்க முகம் வருது, என்ன நிற உடைன்னு கேட்கும். பெரும்பாலும் வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் கொடுப்பாங்க, முகத்தை மங்கலாக்கவோ எடுக்கவோ. சம்பந்தப்பட்டவரே புகார் கொடுக்கணும், பிள்ளைன்னா பெத்தவங்க. "எங்க ஊர் ஆச்சிக்காக நான்"னு மூணாம் ஆள் போட்டா தள்ளிடுவாங்க, இங்கதான் ஊர்ச் சங்கங்கள் தப்பு பண்ணுது. ஆச்சி பேர்ல மெயில் ஐடி உண்டாக்கி, அவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டே போடுங்க.

இந்தியாவுல இயங்கற ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கணும்னு 2021 ஐ.டி. விதிகள் சொல்லுது. அந்தரங்கப் படம், மார்ஃபிங் மாதிரி புகார்னா 24 மணி நேரத்துக்குள்ள இறக்கணும்னு விதி வந்தப்பவே வரம்பு வச்சாங்க. சாதாரணத் திண்ணைப் படத்துக்கு அந்த வேகம் கிடையாது. அதிகாரி மறுத்தா, அந்தப் பதில் வந்த 30 நாளைக்குள்ள மத்திய அரசோட மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைன்லயே போகலாம், வக்கீல் வேண்டாம். அந்தரங்கப் படமே வெளியே போயிட்டா ஸ்டாப்என்சிஐஐ தளத்துல படத்தை ஏத்தாமலே ஹாஷை மட்டும் கொடுத்து, பெரிய தளங்கள்ல மறுபடி ஏறாம தடுக்கலாம். அதோட தேசிய சைபர் குற்ற இணையதளம், மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன். 1930 எண் முக்கியமா பண மோசடிக்கு, படத்துக்கு அங்க அழைச்சு நேரத்தை விடாதீங்க.

முகத்தைவிட எனக்குப் பயம் வீட்டைப் பத்தித்தான். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டோட உள்பக்கத்தை, எந்தக் கட்டுல எந்தப் பெட்டகம் இருக்கு, பின்வாசல் தாழ் எப்படின்னு சுத்திக் காட்டி, லொகேஷனோட போடறாங்க. தூணையும் கதவையும் கழட்டி விக்கிறதுக்குச் சந்தை இருக்கிற ஊர் இது. உள்ளே படம் எடுக்க விடறவங்க, கேமராவில ஜி.பி.எஸ். அணைச்சிருக்கான்னு பாருங்க. வாட்ஸப்ல படமா அனுப்பினா இடக்குறிப்பு போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போய்ச் சேரும்.

மேலவீதி:

எல்லாருக்கும் நன்றி. கோர்ட்வாசல் அண்ணே, பலகை வாசகம் சொல்றேன்னீங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க விஷயமும் விட்டுப்போச்சு. நோட்டீஸ் அனுப்ப வசதியில்லாதவங்க என்ன பண்றது?

கோர்ட்வாசல்:

பிள்ளைகள்: சாதாரணமாக வீதியில் நடக்கும் பிள்ளையை எடுப்பதே குற்றம் என்று சட்டம் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட அல்லது பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத்தான் தடுக்கிறது. ஆனால் சீருடையில் பள்ளிப் பெயர், பின்னால் வீதிப் பலகை, போட்ட நேரம், மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் அந்தப் பிள்ளை தினமும் எத்தனை மணிக்கு எங்கே நடக்கிறது என்று எழுதிக் கொடுத்த மாதிரி. பெற்றோர் சொன்னால் இறக்கிவிடுவார்கள், பெரும்பாலும் தெரியாமல் செய்வதுதான்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தின் 12-வது பிரிவு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். நோட்டீஸும் அவர்கள் வக்கீலே எழுதுவார். ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு போக வேண்டும், படத்தின் பிரதி இணைப்பாக.

பலகை: வீதிக் கம்பத்தில் வைக்கப் பேரூராட்சி செயல் அலுவலர் அனுமதி வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் அவரவர் வீட்டு மதிலில், முதல் படிக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில் வையுங்கள். அங்கேதான் அதற்குச் சட்ட மதிப்பும் உண்டு. படியேறலாம் என்று நினைத்தேன் என்று பிறகு சொல்ல முடியாது. பிரிவு எண், அபராதத் தொகை எதுவும் எழுதாதீர்கள், தப்பாக எழுதினால் கேலிக்கூத்து. வாசகம் இப்படி இருக்கலாம்:

"இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். வீதியிலிருந்து கட்டடத்தைப் படம் எடுக்கலாம். ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். திண்ணையும் படியும் தனியார் இடம், அனுமதியின்றி ஏற வேண்டாம். வளவுக்கு மேல் ட்ரோன் விட வேண்டாம். விளம்பரத்துக்கு எழுத்தில் அனுமதி தேவை."

கீழே ஆங்கிலத்தில், முடிந்தால் பிரெஞ்சிலும். பிரெஞ்சுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, அவர்கள் சிவில் சட்டத்தின் 9-வது பிரிவை வைத்து அங்கே தன் உருவத்தின் மேல் தனக்கு உரிமை என்பது நீதிமன்றங்களில் ஊறிப்போன விஷயம்.

மேலவீதி:

கூட்டத்துல "ஆட்களை"ங்கிறதுக்குப் பதிலா "பெண்களை"ன்னு போடணும்னு ரெண்டு பேர் சொல்றாங்க அண்ணே.

இரண்டாங்கட்டு:

"ஆட்களை"ன்னே இருக்கட்டும். பெண்களைன்னு போட்டா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சாய்வு நாற்காலியில வாயைத் திறந்து தூங்குற ஐயாவை எடுக்கலாம்னு அர்த்தம் ஆயிடும்.